நடுவில் நிற்காத அலகு

மேஜை மேல் ஒரு தகரத் தட்டு. அதில் அறுபது மடக்குக் கத்திகள், அலகை உள்ளே மடக்கி, பிடியின் பிளவு மேலே தெரியும்படி வரிசையாக அடுக்கியிருந்தன. தட்டுக்கு அந்தப் பக்கம் ரோசலின். இந்தப் பக்கம் ஒர்க்ஸ் மேனேஜர், ஃபோர்மேன் நஞ்சப்பா, நான். காலை ஒன்பது மணி ஆகியும் வெளியே பனி விலகாததால் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. ரோசலின் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார். காதைச் சுற்றிக் கட்டிய ஸ்கார்ஃபை அவிழ்க்கக்கூட நேரம் கொடுக்கவில்லை.

மேனேஜர் ஒரு கத்தியை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். மடங்கிய அலகுக்கு வலது பக்கம் ஒரு வெளிச்சக் கோடு தெரிந்தது. இடது பக்கம் ஒன்றும் தெரியவில்லை. அலகின் நுனி இடது பித்தளைத் தகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா இது?"

"சென்டர் அவுட் ஆயிருக்குது சார்."

"அது எனக்கும் தெரியுது. எப்படி ஆச்சுன்னு கேக்கறேன்."

"எப்பவும் வெக்கிற மாதிரிதான் சார் வெக்கிறேன். மெஷினைக் கொஞ்சம் பாருங்க."

"ஆறு வருஷமா ஓடற மெஷின். இன்னிக்குத் திடீர்னு கெட்டுப்போச்சா?"

"நானும் ஆறு வருஷமாத்தான் சார் ஓட்டறேன்."

அந்தப் பதிலில் தவறு எதுவும் இல்லை. ஆனால் மேனேஜர் கத்தியைத் தட்டில் போட்ட சத்தத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, "தர ஆய்வாளர் நீங்க, நீங்க என்ன சொல்றீங்க?" என்றார்.

"மூணாம் நம்பர் பிரஸ்ல வர்றது மட்டும்தான் சார் சாயுது" என்றேன்.

மூன்றாம் நம்பர் பிரஸ், அதாவது கத்திக்கு ஆணி இறுக்குகிற மெஷின், ரோசலினுடையது. நான் சொன்னது முழு உண்மை. அந்த உண்மையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. ரோசலின் ஆறு வருடமும் டெம்பரரி. அதனால் மெமோ, விசாரணை எதற்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னார்கள், அவ்வளவுதான். அவர் ஸ்கார்ஃபை அவிழ்க்காமலேயே திரும்பிப் போனார்.

வெட்டினால் போதாதா?

நான் கத்திக் கம்பெனியில் வேலை பார்த்ததைப் போன வாரம் இந்தப் பத்தியில் ஒரு வரியில் சொல்லியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கத்தி என்றால் வெட்ட வேண்டும். அலகு மூடியிருக்கும்போது நடுவில் நின்றால் என்ன, ஓரத்தில் நின்றால் என்ன? வெள்ளைக்காரன் சொன்னான் என்பதற்காக அதையெல்லாம் ஒரு வேலை என்று பார்த்தீர்களா?"

ஐயா, பார்த்தேன். சம்பளம் வாங்கிக்கொண்டு ஏழு வருடம் அதைத்தான் பார்த்தேன்.

மடக்குக் கத்தியின் பிடி இரண்டு தகடுகளால் ஆனது. நடுவில் விரல் நுழையாத ஒரு சந்து. ஒரு முனையில் ஒரு ஆணி. அலகு அந்த ஆணியில் சுழன்று சந்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். ஆணி அடிக்கும்போது ஒரு மயிரிழை சாய்ந்தாலும் போதும், இரண்டரை அங்குலம் தள்ளி நுனியில் அந்தச் சாய்வு பெருகி நிற்கும். நுனி தகட்டை உரசும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மூடும்போதும் உரசி, கூர் மழுங்கிவிடும். நீங்கள் எலுமிச்சம்பழம் வெட்டும்போது கத்தி வழுக்கி விரலில் இறங்கும். அப்போது எனக்குக் கடிதம் எழுதுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க எங்களிடம் பெரிய கருவி எதுவும் இல்லை. டியூப் லைட் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் கோடு சமமாகத் தெரிகிறதா என்று பார்ப்போம். சந்தேகம் வந்தால் சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுப்போம். அந்தக் காலத்து பஸ் டிக்கெட் வெங்காயத் தோல் போல மெல்லிசாக இருக்கும். அலகுக்கும் தகட்டுக்கும் நடுவே அதை நுழைத்து இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும். சிக்கிக் கிழிந்தால் அந்தக் கத்தி தேறாது. எங்கள் கத்தியை வாங்குகிற வெளிநாட்டுக்காரருக்கு இது தெரிந்திருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார். ஆனால் எங்கள் டிக்கெட் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை.

அக்கா மகனின் கோபம்

இந்தக் கதை திடீரென்று ஞாபகம் வரக் காரணம் என் அக்கா மகன். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. நான் அந்த வழியாக பஸ்ஸில் போய் வந்த நாட்களில் அங்கே ஒன்றிரண்டு கட்டடங்களும் நிறைய யூகலிப்டஸ் மரங்களும்தான் இருந்தன. இவன் காலத்தில் கம்பெனி வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன.

போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன், இன்டர்நெட்டில் வரவழைத்த ஒரு மடக்குக் கத்தியை என்னிடம் நீட்டினான். விலையைக் கேட்டு என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

"மாமா, இதைப் பாருங்க. பிளேடு சென்டர்ல இல்ல. லெஃப்ட்ல கொஞ்சம் சாயுது."

வாங்கிப் பார்த்தேன். சாய்கிறதுதான். தகட்டைத் தொடவில்லை.

"திருப்பி அனுப்பப் போறேன். கம்ப்ளைன்ட்டும் எழுதிட்டேன். எவனோ ஒருத்தன் கவனமே இல்லாம அசெம்பிள் பண்ணியிருக்கான். அவனையெல்லாம் வேலைய விட்டுத் தூக்கணும் மாமா."

எனக்கு வந்த கோபத்தில் கத்தியை அவன் தட்டிலிருந்த அதிரசத்தின் மேலேயே வைத்துவிட்டேன். "எவனோ ஒருத்தன்னு உனக்கு யார் சொன்னது? நீ போய்ப் பார்த்தியா? அவனுக்குக் கொடுத்த மெஷினைப் பார்த்தியா?" என்று சத்தம் போட்டேன். பையன் மிரண்டுவிட்டான். அக்கா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஒரு கத்திக்காகப் பிள்ளையைத் திட்டலாமா என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் திட்டியது அவனை இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

சிறு குறை

தொண்ணூறுகளின் நடுவில், பாலிடெக்னிக் முடித்துவிட்டு திருப்பத்தூரிலிருந்து நான் பெங்களூருக்கு வந்தேன். ஓசூர் ரோட்டிலிருந்து ஆனேக்கலுக்குத் திரும்பும் வழியில், தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஃபேக்டரி. அங்கே தர ஆய்வாளர் வேலை. சந்தாபுராவில் அறை எடுத்துத் தங்கினேன். ஃபேக்டரியில் தமிழ், கன்னடம், தெலுங்கு எல்லாம் ஒரே வாக்கியத்தில் ஓடும். மூன்று பிரஸ்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெண். பிரஸ்ஸின் அடியில் கத்தியின் பிடி சரியாக உட்காருவதற்கு ஒரு பள்ளம் உண்டு. அதில் கத்தியை வைத்து, ஆணியைச் செருகி, மிதியை அழுத்தினால் மேலிருந்து ஒரு இடி இறங்கும். ஆணி இறுகிவிடும்.

வாங்குகிறவர்கள் அனுப்பிய ஆய்வுத்தாளில் இரண்டு கட்டங்கள் இருந்தன. அலகு தகட்டைத் தொட்டால் பெரும் குறை. தொடாமல் சாய்ந்தால் சிறு குறை. பெரும் குறை என்றால் தள்ள வேண்டும். சிறு குறை என்றால் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு கணக்கு வரை விடலாம்.

இந்தச் சிறு குறை என்ற வார்த்தையைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்பேன். ரோசலினின் கத்திகள் ஒரே நாளில் சாயவில்லை. இரண்டு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே வந்தன. நான் ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்தேன். சிறு குறை என்று எழுதி ஓகே முத்திரை குத்தினேன். நுனி தகட்டைத் தொட்ட அன்றுதான் வாயைத் திறந்தேன். அதாவது, இரண்டு வாரம் முன்பே எழுந்து போய் அந்த மெஷினைப் பார்த்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். அதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

தட்டின் முன் மேனேஜர் கேட்டபோது எனக்குள் ஓடியது இதுதான்: இது ரோசலின் தலையில் விடியாவிட்டால் என் தலையில் விடியும்.

அவர் போன பிறகு

மறுநாள் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் வேறொரு பெண்ணை உட்கார வைத்தார்கள். மத்தியானம் அவளுடைய தட்டு என் மேஜைக்கு வந்தது. முதல் கத்தியைத் தூக்கிப் பிடித்தேன். இடது பக்கம் வெளிச்சம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. பத்துக் கத்திகளில் எட்டு அதே பக்கம், அதே அளவு சாய்ந்திருந்தன.

மேனேஜரிடம் சொன்னேன். "புதுப் பொண்ணு. பழகட்டும்" என்றார்.

ஆறு வருடம் பழகியவருக்கு ஒரு நாள் தவணை கொடுக்காதவர், அன்றைக்கு வந்த பெண்ணுக்குப் பழகட்டும் என்கிறார். மனசு எரிந்தது. சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் எழுந்து போன பிறகு, நான் போய் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸின் முன்னால் முட்டி போட்டேன். பாக்கெட்டிலிருந்து டார்ச்சை எடுத்துப் பள்ளத்துக்குள் அடித்துப் பார்த்தேன்.

பள்ளத்தின் ஒரு ஓரத்தில், இரும்போடு இரும்பாக, பழுப்பு நிறத்தில் ஒரு திட்டு. பெயின்ட் மாதிரி வழவழவென்று இறுகியிருந்தது. அதன்மேல் பித்தளைத் தூள் மின்னியது. கத்தியின் பிடி ஒரு பக்கம் அந்தத் திட்டின் மேல் ஏறி உட்கார்ந்தால் எப்படி நேராக நிற்கும்? கட்டை விரல் நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. எச்சிலைத் தொட்டு வைத்துவிட்டு மறுபடி சுரண்டினேன். கொஞ்சம் பொடி உதிர்ந்தது. அடியில் சிவப்பு.

விரலை மூக்கருகே கொண்டுபோனேன். எண்ணெய் நாற்றத்துக்கு அடியிலிருந்து சந்தன வாசனை வந்தது.

ஆயுத பூஜை

ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைப்பவர் நஞ்சப்பா. ஆனேக்கல்காரர், ஐம்பது வயது, பூஜை என்றால் வேட்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார். அந்த வருடம் அவர் பெரியப்பா இறந்து தீட்டு. "நீங்க வெச்சிடுங்க சார்" என்று சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. புதுச் சட்டை போட்டிருந்தேன். வாழைக் கன்று கட்டி, பூசணிக்காய் தயாராக இருந்தது. பொரி கடலைப் பொட்டலங்களை ஒரு பெண் பிரித்துக்கொண்டிருந்தாள். நஞ்சப்பா எப்போதும் மெஷினின் நெற்றியில் மட்டும் வைப்பார் என்று எனக்குத் தெரியும். எனக்கு அது போதவில்லை. வேலை நடக்கிற இடத்துக்கல்லவா பூஜை? நெற்றியில் வைத்த கையோடு பள்ளத்துக்குள்ளும் ஒரு பொட்டு வைக்கலாம் என்று தோன்றியது.

ஒன்றாம் நம்பரிலும் இரண்டாம் நம்பரிலும் முதல் நாள் பாதியில் விட்ட கத்திகள் அப்படியே பள்ளத்தில் கிடந்தன. வைக்க இடம் இல்லை. மூன்றாம் நம்பர் மட்டும் காலியாக, துடைத்துச் சுத்தமாக இருந்தது. ரோசலின் ஒருவர்தான் லீவுக்கு முன்னால் தன் மெஷினை ஒழுங்காகக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். அந்தப் பள்ளத்தில் தாராளமாக ஒரு கட்டி சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். வைத்தது என் கை. வேறு யாரும் இல்லை.

அதுவாவது தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். லீவு முடிந்து வந்த காலை நடந்ததற்கு அப்படி எதுவும் சொல்லிக்கொள்ள முடியாது. ரோசலின் துணியை நனைத்துக்கொண்டு வந்து பள்ளத்தருகே நின்றார். சும்மா துடைத்திருக்கலாம். பிரேசர் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் தெருவிலிருந்து வருகிறவர். அதனாலேயே, இது பூஜைச் சமாசாரம், கேட்டுவிட்டுச் செய்வோம் என்று நினைத்திருக்கிறார்.

"அண்ணா, இங்க உள்ள சந்தனம் கீது. கத்தி உக்காராது. தொடைச்சிடட்டா?"

நஞ்சப்பா பதறிவிட்டார். "பேடாம்மா, வேணாம். பூஜைப் பொட்டைத் தொடைக்கக் கூடாது. அதுவா போகணும். உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். ரோசலின் என்னைத் திரும்பிப் பார்த்தார். அளவு பார்ப்பதற்கென்றே படித்துவிட்டு வந்தவன் நான். "ஒரு பொட்டுல என்ன ஆகிடப் போகுது?" என்று சிரித்தேன்.

பிரஸ் இடித்தது. சந்தனம் எண்ணெயோடு சேர்ந்து இறுகியது. அதில் தினம் கொஞ்சம் பித்தளைத் தூள் ஒட்டி, திட்டு வளர்ந்தது. அலகு சாய்ந்தது.

அழுக்கு என்றேன்

நஞ்சப்பாவைக் கூப்பிட்டுப் பள்ளத்தைக் காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிரும்போது அவர் முகம் கறுத்திருந்தது.

"நான் எந்நாளும் உள்ள வெக்கறதில்ல சார்" என்றார்.

"தெரியும்."

"அந்தம்மா தொடைக்கிறேன்னு கேட்டுச்சு. நான்தான் வேணாம்னேன்." திட்டை விரலால் ஒரு முறை தடவினார். பிறகு, "ஹோக்லி, விடுங்க சார். போனது போச்சு. தொடைச்சிடலாம்" என்றார்.

மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் போட்டு நாங்கள் இருவரும் அதைத் தேய்த்து எடுத்தோம். அடுத்த தட்டில் வந்த கத்திகள் எல்லாவற்றிலும் இரண்டு பக்கமும் சமமான வெளிச்சம். என் பஸ் டிக்கெட் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு வந்தது.

மேனேஜர் அறைக்குப் போனேன். ரோசலின் மேல் தப்பில்லை என்று சொல்லத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். ஆனால் அவர் முன்னால் நின்றதும் வாயிலிருந்து வந்தது வேறு. "சார், காரணம் தெரிஞ்சிடுச்சு. பள்ளத்துல அழுக்கு படிஞ்சிருந்தது."

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "நான் சொன்னேன் பாத்தீங்களா? மெஷினைத் தொடைக்கிறது ஆப்பரேட்டர் வேலைதானே? அந்தம்மா ஒழுங்கா தொடைச்சிருந்தா இது வந்திருக்குமா?"

பொட்டு என்று சொல்லியிருந்தால் யார் வைத்தது என்ற கேள்வி வந்திருக்கும். அதற்குப் பயந்து அழுக்கு என்றேன். அந்த ஒரு வார்த்தையால், அந்தக் கட்டடத்திலேயே சுத்தமாக மெஷின் வைத்திருந்த ஒரே ஆளை அழுக்குப் பிடித்தவர் என்று நானே ஆக்கிவிட்டேன். மறுக்காமல் அறையை விட்டு வெளியே வந்தேன். அன்று ராத்திரி சாப்பிடவும் செய்தேன்.

அது அங்கேயே நிற்கவில்லை. எங்களுக்கு இரண்டு கட்டடம் தள்ளி ஒரு கத்தரிக்கோல் கம்பெனி இருந்தது. ரோசலின் அங்கே வேலை கேட்டுப் போயிருக்கிறார். அவர்கள் எங்கள் மேனேஜருக்கு ஃபோன் போட்டுக் கேட்டார்கள். "மெஷினைச் சுத்தமா வெச்சிக்க மாட்டாங்க" என்று அவர் பதில் சொன்னது என் காதில் விழுந்தது.

தெரியாதவர்களிடம் சொல்லுங்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரேசர் டவுனுக்குப் போனேன். சர்ச் விட்டுக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பேக்கரி வாசலில் பிளம் கேக் வாசனை. ரோசலினின் வீடு ஒரே அறை. அவர் கணவர் பெயின்ட் வேலைக்குப் போயிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் கட்டிலில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ரோசலின் எனக்கு ஸ்டூலைப் போட்டுவிட்டு, தான் நின்றுகொண்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளத்தில் இருந்தது சந்தனம் என்றேன். வைத்தது நான் என்றேன். மேனேஜரிடம் அழுக்கு என்று சொன்னதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் பாரம் குறைந்துகொண்டே வந்தது. அவர் அழுவார், அல்லது திட்டுவார், நான் தலையைக் குனிந்துகொள்வேன் என்று பஸ்ஸிலேயே நினைத்து வைத்திருந்தேன்.

ரோசலின் கடைசி வரை கேட்டார்.

"இத்த எங்கிட்ட இன்னாத்துக்கு சார் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. நான்தானே தொடைக்கட்டான்னு கேட்டேன்."

நான் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்தேன்.

"தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் வந்ததும் வராததுமாக உள்ளே போய் நின்றேன். "அழுக்கு இல்ல சார். ஆயுத பூஜைப் பொட்டு. வெச்சது நான். அவங்க தொடைக்கிறேன்னு கேட்டாங்க. நாங்கதான் வேணாம்னோம்" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "பூஜையால சரக்கு கெட்டுதுன்னு முதலாளி காதுக்குப் போச்சுன்னா என்ன ஆகும் தெரியுமா? அடுத்த வருஷம் பூஜையே வேணாம்பாரு. நஞ்சப்பா மனசு உடைஞ்சி போயிடுவாரு. இதை இதோட விட்ருங்க" என்றார். பிறகு குரலைத் தணித்து, "அந்தம்மாவைத் திரும்ப எடுத்துக்கலாம். நீங்களே லெட்டர் எழுதுங்க. டைப்பிஸ்ட் லீவு" என்றார்.

எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. அவர் சொல்லச் சொல்ல, கம்பெனித் தாளில், என் கையெழுத்தில், ஆங்கிலத்தில் எழுதினேன். பாலிடெக்னிக்கில் என் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கும் அழகாகத்தான் வந்தது.

அந்தக் கடிதம்

சாயங்காலமே பிரேசர் டவுனுக்கு ஓடினேன். ரோசலின் கடிதத்தை வாங்கி, விரித்து, ஒரு முறை பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இங்கிலீஷ்ல கீது. தமிழ்ல சொல்லுங்க சார்."

சொல்ல ஆரம்பித்தேன். "உங்கள் கவனக்குறைவால் கம்பெனிக்கு ஏற்பட்ட நஷ்டத்தைப் பெரிய மனசு பண்ணி மன்னித்து..." இங்கே நிறுத்தி, தாளை மறுபடி பார்த்தேன். எழுதும்போது ஒன்றும் தோன்றவில்லை. ஆங்கிலத்தில் அது ஆபீஸ் பாஷையாக, எல்லாக் கடிதத்திலும் இருப்பது போலத்தான் இருந்தது. இப்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. "...கருணை அடிப்படையில் உங்களைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்கிறோம். இனிமேல் இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எச்சரிக்கிறோம்."

கட்டிலில் எழுதிக்கொண்டிருந்த பெரிய பெண் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள்.

"யார் சார் எழுதினது?"

"மேனேஜர் சொன்னாரு."

"அது கேக்கல. யார் கையால எழுதினது?"

"நான்."

ரோசலின் கடிதத்தை வாங்கி இன்னொரு முறை பார்த்தார். பிறகு நாலாக மடித்து என் கையில் வைத்தார்.

"கையெழுத்து நல்லா கீது சார். கருணையெல்லாம் வேணாம். தப்பு எங்களுதுன்னு ஒரு வரி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. மறுநாளே வந்து உக்காருறேன்."

சொன்னேன். மேனேஜரிடம் மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை, "உங்களுக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டார். மயிரிழை சாய்ந்த ஒரு கத்திக்கு நீளமாகக் குறைப்பட்டியல் எழுதுகிற கம்பெனி, அந்த ஒரு வரியை எழுதவில்லை. ரோசலின் பொம்மனஹள்ளியில் ஒரு துணி ஃபேக்டரிக்குப் போனார். சட்டைக்குக் காலர் தைக்கிற வேலை. புதிதாக, முதலிலிருந்து, மறுபடியும் டெம்பரரியாக.

மேனேஜர் மேலும் கம்பெனி மேலும் எனக்குள்ள கோபத்தை இத்தனை வருடமாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லோரும் அநியாயம் என்றார்கள். எனக்கும் ஆறுதலாக இருந்தது. ஒன்றை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஒரு வரியை எழுதும் வரை நானும் வேலைக்கு வர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கல்யாணம் ஆகாதவன், பெர்மனென்ட் வேலை, ஒரு வாயும் ஒரு வயிறும்தான். இப்படி ஒரு வழி இருப்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

தோன்றியது. மடித்த கடிதத்தோடு ரோசலினின் தெருவிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போதே தோன்றியது. மறுநாள் காலை சந்தாபுராவில் ஆனேக்கல் பஸ் வந்தது. ஏறி வேலைக்குப் போனேன்.